உஷார்! உங்கள் பேக்கேஜ் மேனேஜர் யாரையெல்லாம் உள்ளே விடுகிறது?

2025 செப்டம்பர் 8. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பலரும் அறிந்த ஒரு பராமரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் இரட்டைச் சரிபார்ப்பைப் புதுப்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, 10-ஆம் தேதியிலிருந்து கணக்கைத் தற்காலிகமாக முடக்கப்போகிறோம் என்று மிரட்டல் தொனி. அனுப்பியது ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மின் ஆதரவுப் பிரிவு என்றது முகவரி. அதன் வாலைத்தான் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். ‘டாட் காம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டாட் ஹெல்ப்’ என்று இருந்தது. அவசரத்தில் யார் வாலைப் பார்க்கிறார்கள்? லிங்கைத் தட்டினார், போலிப் பக்கத்தில் விவரங்களைக் கொடுத்தார், கணக்கு கைமாறிவிட்டது. சற்று நேரத்தில் ‘சாக்’, ‘டீபக்’ உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் நஞ்சு கலந்த புதிய பதிப்புகள் ஏறின. பதினெட்டுதானே என்று நினைக்காதீர்கள். அந்தப் பதினெட்டும் சேர்ந்து வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் டவுன்லோடு ஆகிறவை.

உள்ளே வைத்திருந்த நிரல் பிரவுசரில் பதுங்கியிருந்து, யாராவது கிரிப்டோ பணம் அனுப்பினால் பெறுபவர் முகவரியை மாற்றும். அதுவும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும் முகவரியாகத் தேடி எடுத்துப் போடும். இத்தனை சாமர்த்தியமாக எழுதியவன் ஒரு சின்ன விஷயத்தில் கோட்டைவிட்டான். ‘ஃபெட்ச்’ என்ற செயல்பாடு பழைய நோட்.ஜேஎஸ் பதிப்புகளில் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு மெஷினில் ஓடிய பில்ட், ஃபெட்ச் என்றால் என்னவென்றே தெரியாது என்று பிழை காட்டி நின்றது. ஏன் நின்றது என்று தோண்டியவர்களிடம் விஷயம் மாட்டியது. ஏறிய இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டார்கள், திருட்டுப்போனதும் சொற்பம்தான். ஆனால் நம்மைக் காப்பாற்றியது நமது பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். திருடனின் கவனக்குறைவுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஒரு வாரம் போகவில்லை, அடுத்தது வந்தது. ‘ஷாய்-ஹுலுட்’ என்று பெயரிடப்பட்ட புழு. அதன் வேலையைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம், ஏனென்றால் எந்த பேக்கேஜ் மேனேஜரை எடுப்பது என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்கிறீர்கள். இறங்கி முடித்ததும் ‘போஸ்ட்-இன்ஸ்டால்’ என்ற ஸ்கிரிப்ட் தானாக ஓடுகிறது. அது முதலில் ட்ரஃபிள்ஹாக் என்ற கருவியை இறக்குகிறது. கசிந்துபோன ரகசியச் சாவிகளைக் கண்டுபிடிக்கப் பாதுகாப்புத் துறையினரே பயன்படுத்தும் நல்ல கருவி அது. அதை வைத்தே உங்கள் மெஷினைச் சலித்து என்பிஎம் டோக்கன், கிட்ஹப் டோக்கன், கிளவுட் சாவிகள் எல்லாவற்றையும் எடுக்கிறது. எடுத்ததை உங்கள் பெயரிலேயே கிட்ஹப்பில் ஒரு பொதுக் களஞ்சியம் திறந்து ஊரறியக் கொட்டுகிறது. பிறகு உங்கள் என்பிஎம் டோக்கனைக் கொண்டு, நீங்கள் பராமரிக்கும் பேக்கேஜ்களிலும் தன்னையே செருகிப் புதிய பதிப்பாக வெளியிடுகிறது. அவற்றை இன்ஸ்டால் செய்கிறவர் அடுத்த பலி. அந்த முதல் அலையிலேயே 500-க்கு மேற்பட்ட பேக்கேஜ்கள் கெட்டன. நவம்பரில் இரண்டாம் அலை வந்தபோது ஸ்கிரிப்ட் ‘ப்ரீ-இன்ஸ்டால்’ கட்டத்துக்கே நகர்ந்துவிட்டது, அதாவது இன்ஸ்டால் முடிவதற்கு முன்பே வேலையை முடித்துவிடும். திருட எதுவும் கிடைக்காமல், பரவவும் வழியில்லாமல் போனால் உங்கள் ஹோம் டைரக்டரியை அழிக்கவும் முயன்றது. கிடைக்காத கோபம்!

இப்போது சொல்லுங்கள். நம் ஆட்கள் புது புராஜெக்ட் தொடங்கும்போது பேக்கேஜ் மேனேஜரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? போன புராஜெக்டில் எது இருந்ததோ அது. இல்லாவிட்டால் எது வேகமோ அது. பைத்தானின் பிப்பைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வேகம் என்று யூவி என்ற கருவி மார்தட்டுகிறது, நாமும் பெஞ்ச்மார்க் படத்தைப் பார்த்து மயங்குகிறோம். வேகம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு. இன்ஸ்டால் என்று தட்டியதும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், யார் யாருடைய நிரலை இந்தக் கருவி என் மெஷினில் ஓட்டும்?

“யார் யாருடைய” என்பதன் அளவு தெரியாமல்தான் பலர் தைரியமாக இருக்கிறார்கள். 2019-இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. என்பிஎம்மில் சராசரியாக ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்தால், வேறு 79 பேக்கேஜ்களையும் 39 பராமரிப்பாளர்களையும் சேர்த்து நம்பியாக வேண்டும். 39 பேரில் ஒருவர் அந்த ‘டாட் ஹெல்ப்’ மின்னஞ்சலைத் தட்டினால் போதும்.

ஸ்கிரிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். கூரியர்காரர் பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவரே உள்ளே வந்து, பார்சலைப் பிரித்து, பீரோவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போனால் சும்மா இருப்போமா? என்பிஎம் பல வருடங்களாக வழக்கமாகச் செய்துவந்தது அதுதான். இறங்கும் ஒவ்வொரு பேக்கேஜும், அது இழுத்துவரும் சார்புகளும், அவற்றின் சார்புகளும் தத்தம் ஸ்கிரிப்டை ஓட்டிக்கொள்ளலாம். என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் 2025 ஜனவரியில் வந்த 10-ஆம் பதிப்பில் இதை நிறுத்தியது. நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்த பேக்கேஜின் ஸ்கிரிப்ட் மட்டுமே ஓடும். பன் கருவியும் ஏறக்குறைய இதே வழிதான், ஆனால் அது முன்கூட்டியே நம்பும் பேக்கேஜ்களின் பட்டியல் ஒன்றைத் தன்னோடு வைத்திருக்கிறது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். என்பிஎம்மிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால், அதன் அமைப்புக் கோப்பில் ‘இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்’ என்பதை இயக்கி வையுங்கள். மெஷினிலேயே தொகுத்துக்கொள்ளும் பேக்கேஜ்களும், சைப்ரஸ் மாதிரித் தன் பைனரியைத் தனியாக இறக்கும் பேக்கேஜ்களும் முரண்டு பிடிக்கும். அவற்றுக்கு மட்டும் கையால் ஓட்டிக்கொடுங்கள். ஒரு நாள் எரிச்சல், அவ்வளவுதான்.

பைத்தான்காரர்கள் இதைப் படித்துவிட்டு, அது ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் தலைவலி என்று சிரிக்க வேண்டாம். பிப் ஒரு பேக்கேஜை ‘வீல்’ வடிவில் எடுத்தால் கோப்புகளைப் பிரித்து வைப்பதோடு சரி. வீல் இல்லாமல் மூலநிரல் பொட்டலமாக எடுத்தால், அதன் ‘செட்டப் டாட் பிஒய்’ கோப்பு உங்கள் மெஷினில், உங்கள் உரிமைகளோடு ஓடும். ‘ஒன்லி-பைனரி’ என்று சொல்லி வைத்தால்தான் அந்தக் கதவு அடைபடும். ரஸ்ட்டின் கார்கோவிலும் ‘பில்ட் டாட் ஆர்எஸ்’ வழியாக இதே கதவு திறந்திருக்கிறது. ரஸ்ட் என்றாலே பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள், அது நினைவகப் பாதுகாப்பு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோ மொழிக்காரர்கள்தான் இதில் புத்திசாலிகள். அங்கே இறக்கும்போது எந்த ஸ்கிரிப்டும் ஓடாது, ஒவ்வொரு பதிப்பின் கைரேகையையும் பொதுவான ஒரு பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடும் கூடவே இருக்கிறது.

ஆனால் ஸ்கிரிப்டை அடைத்துவிட்டோம், இனி நிம்மதி என்று தூங்கப் போய்விடாதீர்கள். மேலே சொன்ன சாக், டீபக் தாக்குதலில் இன்ஸ்டால் ஸ்கிரிப்டே கிடையாது. நஞ்சு நிரலுக்குள்ளேயே இருந்தது. நீங்கள் ஆப்பைத் தொகுத்து வெளியிட்டால் அது பயனர் பிரவுசருக்கே போய் வேலை செய்யும். அதற்கு வேறு பூட்டு வேண்டும். அந்தப் பூட்டின் பெயர் பொறுமை.

புதிய பதிப்பு வெளியான அன்றே எடுக்காமல், சில நாள் ஆறவிட்டு எடுப்பது. இதைக் கையால் செய்ய யாருக்கும் முடியாது, கருவியே செய்ய வேண்டும். பிஎன்பிஎம் 10.16-இல் ‘மினிமம் ரிலீஸ் ஏஜ்’ என்று வந்துவிட்டது. இத்தனை நேரம் ஆகாத பதிப்பை அது தொடவே தொடாது. யார்ன் 4.10-இலும் பன் 1.3-இலும் இதே வசதி உண்டு. யூவியில், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வெளியானதை எடுக்காதே என்று கட்டளையிடலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிஎன்பிஎம் இந்த எண்ணை நிமிடங்களில் கேட்கிறது, பன் விநாடிகளில் கேட்கிறது. ஏழு நாளுக்கு பிஎன்பிஎம்மில் 10080 என்று போட வேண்டும். அதே எண்ணை அப்படியே காப்பி அடித்து பன்னில் போட்டால் மூன்று மணி நேரம்கூட ஆகாத பதிப்பு உள்ளே வந்துவிடும். பெயர் ஒன்று, அளவு வேறு. அமைப்புக் கோப்பில் ஓர் எண் இருக்கிறது என்பதே போதும் என்று ஆறுதல் அடையும் டீம்கள் இதில் நிச்சயம் மாட்டும்.

ஆறவிடுவதற்கும் எல்லை உண்டு. 2025 டிசம்பர் 3-ஆம் தேதி ரியாக்டின் சர்வர் காம்பொனன்ட்ஸ் பகுதியில் ஓர் ஓட்டை அம்பலமானது. தீவிர அளவுகோலில் பத்துக்குப் பத்து. வெளியே இருந்து எவனும் உங்கள் சர்வரில் தன் நிரலை ஓட்டலாம். அன்றைக்கு ஏழு நாள் பொறுத்திருந்தால் தற்கொலை. அதனால் விலக்குப் பட்டியல் வைக்க வழியுள்ள கருவியாகப் பாருங்கள், அந்த விலக்கை யார் கையெழுத்திட்டுத் திறப்பது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். இன்னொன்று, எல்லாத் தாக்குதலும் ஒரே வாரத்தில் வெளிவராது. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜைப் பராமரிக்க ஆள் இல்லாமல் ஒரு முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் செருகிய சார்பு, ஒரு பிட்காயின் வாலட்டைக் குறிவைத்து, வாரக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 2024-இல் எக்ஸ்இசட் கருவியில் புகுத்தப்பட்ட பின்வாசல் ஒரு மாதத்துக்கு மேல் பதுங்கியிருந்தது. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆந்த்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர் எரிச்சல்பட்டுத் துருவியதால் பிடிபட்டது. அரை விநாடிக்கு எரிச்சல்படும் ஆட்கள் உலகில் எத்தனை பேர்?

அடுத்த ஆபத்து அலுவலகங்களுக்கு. நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் பேக்கேஜ்கள் உங்களிடம் இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள். உள்சர்வரில் ‘கணக்கு-உதவி’ என்று ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறீர்கள், பதிப்பு 1.4. வெளியாள் ஒருவன் அதே பெயரில் பொதுக் களஞ்சியத்தில் 99.0 என்று ஒன்றை ஏற்றிவிடுகிறான். உங்கள் கருவி எதை எடுக்கும்? பிப்பில் ‘எக்ஸ்ட்ரா இண்டெக்ஸ்’ என்று உள்சர்வரைச் சேர்த்திருந்தால், அது இரண்டு இடத்தையும் சமமாகப் பார்த்து, பெரிய எண் எதுவோ அதை எடுக்கும். திருடனுக்கு வேறென்ன வேண்டும்! 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இந்த ஒரே தந்திரத்தால் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உட்பட 35-க்கு மேற்பட்ட நிறுவனங்களின் உள்ளே தன் நிரலை ஓட்டிக்காட்டினார். அவர் நல்லவர், முறைப்படி சொல்லிப் பரிசுப் பணம் வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் அப்படி இல்லை. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை பைடார்ச்சின் நைட்லி பதிப்பை லினக்ஸில் பிப் வழியாக நிறுவியவர்களுக்கு ‘டார்ச்-ட்ரைட்டன்’ என்ற சார்பு பைடார்ச்சின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வர வேண்டியது. அதே பெயரில் பொதுக் களஞ்சியத்தில் ஒருவன் ஏற்றியிருந்ததை பிப் எடுத்துக்கொண்டது. அது எஸ்எஸ்ஹெச் சாவிகளையும், ஹோம் டைரக்டரியிலிருந்து முதல் ஆயிரம் கோப்புகளையும் டிஎன்எஸ் கேள்விகளாகத் துண்டு போட்டு வெளியே அனுப்பியது. கிறிஸ்துமஸ் விடுமுறை நேரம் வேறு.

யூவி இந்த இடத்தில் ஒழுங்காக நடந்துகொள்கிறது. முதலில் பெயர் கிடைத்த இண்டெக்ஸோடு நின்றுவிடும், அடுத்ததில் பெரிய எண் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காது. உள்சர்வரை முதலில் எழுத வேண்டும் என்பது மட்டும் உங்கள் பொறுப்பு. யூவிக்கு மாறலாமா என்று என்னைக் கேட்டால், வேகத்தைவிட இந்தக் குணத்துக்காகவே மாறலாம் என்பேன். என்பிஎம் பக்கம் இருப்பவர்கள் உள்பேக்கேஜ்களுக்கு எல்லாம் ‘@நிறுவனம்’ என்ற முன்னொட்டு வைத்து, அந்தப் பெயரைப் பொதுக் களஞ்சியத்திலும் பதிந்து கைப்பற்றி வையுங்கள். வேறொருவன் பதியும் முன்.

எந்தச் சார்பின் எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் லாக் ஃபைல் பற்றிச் சுருக்கமாக. அது இல்லாத புராஜெக்டைத் தொடாதீர்கள். இருந்தாலும், சிஐ சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்று எழுதியிருந்தால் அதை ‘என்பிஎம் சிஐ’ என்று மாற்றுங்கள். முன்னது லாக் ஃபைலைத் தன் வசதிக்கு மாற்றி எழுதக்கூடும், பின்னது கணக்கு இடித்தால் நின்றுவிடும். பைத்தானில் ‘பிப் ஃப்ரீஸ்’ எடுத்து வைத்திருப்பதை லாக் என்று நம்பாதீர்கள். அதில் பதிப்பு எண் இருக்கும், கோப்பின் ஹேஷ் இருக்காது. யூவியும் பொயட்ரியும் எழுதும் லாக் ஃபைல்களில் ஹேஷ் இருக்கும். இன்னொரு கூத்தும் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரே களஞ்சியத்தில் என்பிஎம் லாக்கும் யார்ன் லாக்கும் அருகருகே உட்கார்ந்திருக்கும். டெவலப்பர்கள் ஒன்றில் ஓட்டுவார்கள், சிஐ இன்னொன்றில் ஓட்டும். டெஸ்ட் செய்தது ஒரு மரம், வெளியிட்டது வேறு மரம். ஒன்றை இன்றைக்கே நீக்குங்கள்.

இத்தனையும் மனிதர்கள் கையால் தட்டுகிற காலத்துக் கவலைகள். இப்போது இன்ஸ்டால் கட்டளையை ஏஐ உதவியாளரே எழுதுகிறது, சில நேரம் அதுவே ஓட்டியும் விடுகிறது. அது சொல்லும் பேக்கேஜ் உலகத்தில் இருக்கிறதா? 2025-இல் வெளியான ஓர் ஆய்வில் 16 மாடல்களைக் கொண்டு 5,76,000 நிரல் துண்டுகளை எழுதவைத்துப் பார்த்தார்கள். பரிந்துரைத்த பேக்கேஜ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கற்பனைப் பெயர். கட்டண மாடல்களில் இந்த விகிதம் குறைவு, ஆனால் அவையும் சுத்தம் இல்லை. பயங்கரம் எங்கே என்றால், ஒரே கேள்விக்கு ஒரே பொய்ப் பெயரை அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதனால் திருடன் என்ன செய்வான்? எந்தப் பெயரைக் கற்பனை செய்கிறது என்று முதலில் பார்த்து, அந்தப் பெயரில் ஒன்றைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பான். இது ஊகம் அல்ல. ஏஐ கற்பனை செய்த ஒரு பெயரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சோதனைக்காக வெற்றுப் பேக்கேஜ் ஒன்றை ஏற்றினார், மூன்று மாதத்தில் 30,000 முறைக்கு மேல் இறக்கியிருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் ஏஜென்ட்டுக்கு இன்ஸ்டால் கட்டளையைத் தன்னிச்சையாக ஓட்டும் அனுமதி கொடுத்திருந்தால், இந்தப் பத்தியை முடித்த கையோடு போய் எடுத்துவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

சரி, எதைத்தான் எடுப்பது? புதிதாகத் தொடங்கும் ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் என்றால் என் ஓட்டு பிஎன்பிஎம்முக்கு, 10-ஆம் பதிப்பு அல்லது அதற்கு மேல். பதிப்பைச் சும்மா சொல்லவில்லை. பிஎன்பிஎம் பாதுகாப்பானது என்று கேள்விப்பட்டு எட்டையோ ஒன்பதையோ வைத்திருந்தால் ஸ்கிரிப்டுகள் பழையபடி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பேக்கேஜ் கோப்பிலேயே எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்று எழுதிப் பூட்டுங்கள். பைத்தானுக்கு யூவி. பல வருடமாக ஓடும் பெரிய என்பிஎம் புராஜெக்டை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்த பதற்றத்தில் ஒரே இரவில் மாற்றப் போக வேண்டாம். மாற்றும்போது லாக் ஃபைல் புதிதாக எழுதப்பட்டு, நூற்றுக்கணக்கான சார்புகள் ஒரே நேரத்தில் புதிய பதிப்புக்குத் தாவக்கூடும். தாக்குதல்காரனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. ஒழுங்காக அமைத்த என்பிஎம், அமைக்காமல் விட்ட பிஎன்பிஎம்மைவிட எவ்வளவோ தேவலை.

கடைசியாக, ஏற்கெனவே மாட்டிக்கொண்டோமோ என்று சந்தேகம் வந்தவர்களுக்கு. பேக்கேஜை நீக்கிவிட்டு, ஃபோல்டரை அழித்துவிட்டு, மறுபடி இன்ஸ்டால் செய்தால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஸ்கிரிப்ட் ஓடியது சில விநாடிகள், போனது போனதுதான். அந்த மெஷினை நெட்டிலிருந்து பிடுங்குங்கள். என்பிஎம், கிட்ஹப், கிளவுட், எஸ்எஸ்ஹெச் என அதில் இருந்த ஒவ்வொரு சாவியையும் ரத்து செய்து புதிதாக எடுங்கள். கிட்ஹப் கணக்கில் நீங்கள் திறக்காத களஞ்சியம் ஏதாவது முளைத்திருக்கிறதா, நீங்கள் வெளியிடாத பதிப்பு உங்கள் பேக்கேஜில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வேலை முழுவதையும் வேறொரு மெஷினில் உட்கார்ந்து செய்யுங்கள். சந்தேகப்பட்ட மெஷினிலேயே புது டோக்கன் எடுத்தால் அதுவும் பழைய டோக்கன் போன வழியே போய்விடும்.